தேய்ந்து தீர்ந்த வண்டிகள்

வெப்பத்தால் பொருள்கள் விரிவடைகின்றன என்ற பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் பெரும்பாலும் தண்டவாளத்து இடைவெளியையே உதாரணமாகக் காட்டுவார்கள். நானும் சில ஆண்டுகள் அதைத்தான் காட்டி வந்தேன். இப்போதோ தண்டவாளங்களை நெடுந்தொலைவுக்கு ஒன்றாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். அந்த இடைவெளியைப் பார்த்தே இராத மாணவர்களிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. வேறோர் உதாரணம் தேடியபோது ஓர் அமெரிக்கக் காரின் எஞ்சின் அகப்பட்டது. அந்த எஞ்சினைப் பற்றிப் படிக்கப் போய், அது பொருத்தப்பட்டிருந்த வண்டியைப் பற்றியும், அதன் காலத்தில் அதனோடு போட்டியிட்ட மற்ற வண்டிகளைப் பற்றியும் படித்தேன். அவற்றில் ஒன்றில்கூட நான் ஏறியதில்லை. நான் பிறப்பதற்கு முன்பே எல்லாவற்றின் உற்பத்தியும் நின்றுவிட்டது. ஆயினும் அவற்றின்மேல் ஒரு பிரியம் உண்டாகிவிட்டது. அமெரிக்காவில் இதே பிரியம் கொண்டு, இவற்றைத் தேடிப் பிடித்துப் பழுது பார்த்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தேடுவது பந்தயக் காரை அன்று. செல்வர்களின் சொகுசுக் காரையும் அன்று. 1970-களில் அங்கே செய்யப்பட்ட சிறிய ஸ்டேஷன் வேகன்களை.

ஸ்டேஷன் வேகன் என்பது கூரை பின்கோடி வரை நீண்டிருக்கும் கார். முன்னால் ஆட்களும் பின்னால் சாமான்களும் ஒரே கூட்டுக்குள் இருப்பார்கள். பெயரில் உள்ள 'ஸ்டேஷன்' ரயில் நிலையந்தான். நம் ரயிலடியில் ஜட்கா வண்டிகள் காத்து நின்றது போல, அமெரிக்க ரயில் நிலையங்களில் பயணிகளையும் பெட்டிகளையும் ஏற்றிச் செல்ல மரக் கூண்டு கட்டிய மோட்டார் வண்டிகள் நின்றன. பிறகு அவை குடும்ப வண்டிகளாயின. மரக் கூண்டுக்கு ஆண்டுதோறும் வார்னிஷ் பூச வேண்டும். மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். ஆகவே எஃகு வந்ததும் மரம் போயிற்று. 1953-ஆம் ஆண்டுப் பியூக் வேகனோடு அமெரிக்காவில் மெய்யான மரக் கூண்டு முடிவுக்கு வந்தது. ஆனால் மரத்தின் மேல் இருந்த ஆசை போகவில்லை. மர வரிகள் அச்சிட்ட வினைல் தாளை எஃகுத் தகட்டின் மேல் ஒட்டினார்கள். அந்த ஒட்டுத் தாள் மேலும் நாற்பது ஆண்டுக் காலம் நீடித்தது என்பது வேடிக்கை.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெரிய வேகன்கள் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ளவை. 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் செய்த பெரிய வேகன்களில் பின் கண்ணாடி மேலேறிக் கூரைக்குள் மறையும். கீழ்க்கதவு தாழ்ந்து தரைக்கு அடியில் நுழையும். அவ்வளவு இயந்திரமும் ஒரு கதவைத் திறப்பதற்காக! பெட்ரோல் மலிவாக இருந்த நாட்டில் அது யாருக்கும் மிகையாகத் தோன்றவில்லை.

சிறிய வேகன் என்ற எண்ணமும் அங்கே பழையதுதான். நாஷ் நிறுவனம் 1950-இல் ராம்ப்ளர் என்னும் சிறிய காரை வெளியிட்டபோது அதில் வேகன் வகையும் இருந்தது. 1954-இல் நாஷும் ஹட்ஸனும் இணைந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆயின. மூன்று பெரிய நிறுவனங்களோடு நேருக்கு நேர் மோத வலுவில்லாத அந்தச் சிறு நிறுவனம், அவர்கள் கவனிக்காத சிறிய வண்டிகளைச் செய்தே பிழைத்தது. பிழைப்பு நன்றாக நடப்பதைக் கண்டதும் மற்றவர்களும் உள்ளே வந்தார்கள். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபோர்டு, ஷெவர்லே, கிரைஸ்லர் எல்லாரிடமும் சிறிய வேகன் இருந்தது. பத்தாண்டுகள் கழிவதற்குள் இலாபம் போதாது என்று ஒவ்வொருவராக அதைக் கைவிட்டார்கள்.

அந்த வெற்றிடத்தில் 1971-ஆம் ஆண்டு மாதிரியாக வந்ததுதான் ஹார்னெட் ஸ்போர்ட்அபௌட். 1976-இல் கிரைஸ்லர் நிறுவனம் ஆஸ்பென், வொலாரே என்னும் இரட்டை வேகன்களைக் கொண்டுவரும் வரை, அந்த அளவில் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒரே வேகன் இதுவே. 'அந்த அளவு' என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஸ்போர்ட்அபௌட்டின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.74 மீட்டர், முழு நீளம் ஏறத்தாழ நாலரை மீட்டர். நம் அம்பாசிடரைவிட நீளமான ஒரு வண்டி, அமெரிக்கக் கணக்கில் சிறியது! இதையும்விடச் சிறியவற்றை அவர்கள் வேறு வகுப்பாகக் கொண்டார்கள். அவற்றுக்குப் பின்னர் வருவோம்.

ஸ்போர்ட்அபௌட்டை வடிவமைத்தவர் ரிச்சர்ட் டீக். சிறுவயதில் நேர்ந்த கார் விபத்து ஒன்றில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். இரு கண்களும் தரும் ஆழ உணர்வு இல்லாத ஒருவர் முப்பரிமாண வடிவங்களைப் படைப்பதையே தொழிலாகக் கொண்டார் என்பது வியப்பு. அவருக்கு நிறுவனம் கொடுத்த பணம் எப்போதும் குறைவு. ஹார்னெட் காரின் பின்பகுதியை வெட்டி கிரெம்லின் என்னும் குட்டிக் காரை ஆக்கினார்; அதே ஹார்னெட்டின் கூரையை நீட்டி வேகனை ஆக்கினார். மற்ற வேகன்களின் பின்புறம் பெட்டி போல் செங்குத்தாக நிற்கும். டீக் அதைச் சாய்த்துவிட்டார். மேலே கீல் வைத்த ஒரே கதவு. உள்ளே சாமான் இடம் சற்றுக் குறைந்தது. ஆனால் வண்டி பார்க்க அழகாக இருந்தது. 1972-இல் இத்தாலிய நாகரிக வணிகரான குச்சியின் பச்சை, சிவப்புப் பட்டைத் துணி இருக்கைகளோடு கூட இது விற்கப்பட்டது. ஆடை அலங்கார வணிகரின் பெயர் தாங்கிய முதல் கார்களுள் ஒன்று, காய்கறி மூட்டை ஏற்றும் ஒரு வேகன் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதே ஹார்னெட் குடும்பத்தின் வேறொரு வண்டியை வாசகர்கள் திரையில் பார்த்திருக்கக்கூடும். 1974-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில், தாய்லாந்தின் கால்வாய் ஒன்றின் மேல் ஒரு கார் பாய்ந்து, காற்றில் ஒரு முழுச் சுற்று உருண்டு, மறுகரையில் நான்கு சக்கரங்களும் படிய இறங்கும். அது தந்திரக் காட்சி அன்று. காரின் நிறை, சுழற்சி நிலைமம், சாய்தளத்தின் கோணம், வேகம் எல்லாவற்றையும் அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ஆய்வுக்கூடம் ஒன்றில் ரேமண்ட் மக்ஹென்றி என்பவரின் கணினி நிரல் முன்னரே கணக்கிட்டிருந்தது. முதல் முயற்சியிலேயே காட்சி நிறைவேறியது. நியூட்டனின் விதிகளில் நம்பிக்கை குறையும் மாணவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு. இனி வேகன்களுக்குத் திரும்புவோம்.

நான் முதலில் குறிப்பிட்ட எஞ்சின் ஷெவர்லே வேகாவுடையது. 1970 செப்டம்பரில் வெளிவந்த வேகாவில் பல வகைகள் இருந்தன. இரண்டு கதவுகளும் நீண்ட பக்கக் கண்ணாடியும் கொண்ட குட்டி வேகனுக்குக் காம்பேக் என்று பெயர். இது உனிபால்ட் காம் என்ற ஜெர்மானிய ஆய்வாளரின் பெயரிலிருந்து வந்தது. காற்றைக் கிழித்துச் செல்லும் பொருளுக்கு மீன் வால் போல நீண்டு குறுகும் பின்பகுதி இருந்தால் தடை குறையும். ஆனால் அவ்வளவு நீள வாலோடு ஒரு காரைத் தெருவில் ஓட்ட முடியாது. வாலை ஓரளவு குறுக்கிவிட்டுச் சட்டென்று வெட்டிவிட்டாலும் பெரும்பயன் கிடைத்துவிடும் என்று 1930-களில் காட்டியவர் காம். வேகா வேகன் அவருடைய பெயரை எடுத்துக்கொண்டது; தத்துவத்தை எவ்வளவு எடுத்துக்கொண்டது என்பது வேறு. வேகனின் கூரை சரியாகக் குறுகாமல் பின்கோடி வரை அகன்றே செல்வதால், வெட்டிய முகத்துக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த பெரிய சுழற்காற்று உண்டாகிறது. மண்சாலையில் போகும் நம் பேருந்தின் பின் கண்ணாடியில் புழுதி அப்பிக்கொள்வது இதனால்தான். வேகன் வைத்திருப்பவர்களும் பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள்.

எஞ்சினில்தான் புதுமை இருந்தது. அக்கால வழக்கப்படி சிலிண்டர்கள் அமைந்த அடிக்கட்டியை வார்ப்பிரும்பால் செய்வார்கள். எடை குறைக்க அலுமினியத்தைப் பயன்படுத்தினால், மென்மையான அந்த உலோகத்தைப் பிஸ்டன் தேய்த்துவிடும். ஆகவே இரும்புக் குழல்களை உள்ளே செருகுவார்கள். வேகாவில் அந்தக் குழல்களே இல்லை. ஏறத்தாழ 17 விழுக்காடு சிலிகன் கலந்த அலுமினிய உலோகக் கலவையால் கட்டியை வார்த்தார்கள். வார்ப்பு குளிரும்போது மிகக் கடினமான சிலிகன் துகள்கள் தனியே பிரிந்து நிற்கும். சிலிண்டரின் உட்சுவரை மெருகிட்டு, மின்வேதி முறையில் மேற்பரப்பு அலுமினியத்தை இம்மியளவு அரித்துவிட்டால், சிலிகன் துகள்கள் மட்டும் மேலே துருத்தி நிற்கும். தேய்ந்த சிமெண்டுத் தரையில் கருங்கல் ஜல்லி தலைதூக்கி நிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அது போல. பிஸ்டன் அந்தத் துகள்களின் மேல் வழுக்கிச் செல்லும். இடையிலுள்ள பள்ளங்களில் எண்ணெய் தங்கும். அழகான யோசனை என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் அந்தக் கட்டியின் மேல் மூடியான தலைப்பகுதியை, செலவு கருதி, வார்ப்பிரும்பால் செய்தார்கள். கீழே அலுமினியம், மேலே இரும்பு. இங்கேதான் என் வகுப்பறைக் கணக்கு வருகிறது. வார்ப்பிரும்பு ஒரு டிகிரி செல்சியஸ் வெப்ப உயர்வுக்குத் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் சுமார் 11 பங்கு விரியும். இந்த அலுமினியக் கலவை சுமார் 18 பங்கு விரியும். எஞ்சினின் நீளம் அரை மீட்டர் என்றும், வெப்பம் 100 டிகிரி உயர்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இரும்புத் தலை 0.55 மில்லிமீட்டர் நீளும். அலுமினியக் கட்டி 0.9 மில்லிமீட்டர் நீளும். வேறுபாடு 0.35 மில்லிமீட்டர். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் என்னும் மெல்லிய அடைப்புத் தகடு, எஞ்சின் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் இந்த இழுபறியைத் தாங்க வேண்டும்.

குளிர்விப்பு ஒழுங்காக நடந்தால் தாங்கும். அதிலும் சிக்கனம் பிடித்தார்கள். ரேடியேட்டர் ஓரடிக்கு ஓரடி அளவுதான். முழு அமைப்பிலும் ஆறு லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீர்க்கலவை. கொஞ்சம் நீர் குறைந்தாலும் எஞ்சின் மிதமிஞ்சிச் சூடேறும். வேகாவின் கட்டியில் சிலிண்டர்களின் மேல் விளிம்பைச் சுற்றி நீர் ஓடும் வாய் திறந்தே இருந்தது. ஆகவே சூடு மிஞ்சினால் சிலிண்டர்கள் உருக்குலையும். கேஸ்கட் கசியும், நீர் சிலிண்டருக்குள் புகும், பிஸ்டன் சுவரைக் கீறும், அதன் பின் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கத் தொடங்கிவிடும். நெடுஞ்சாலை ஓரத்தில் வெண்புகை கக்கி நிற்கும் வேகா, அக்கால அமெரிக்காவில் கேலிப் பொருளாயிற்று.

குற்றம் உலோகத்தினுடையதா? இல்லை என்பது என் கருத்து. இதே வகைக் கலவையை, குழல் இல்லாமலே, 1977-இல் போர்ஷ் நிறுவனம் தன் 928 என்னும் விலையுயர்ந்த காரில் பயன்படுத்தியது. மெர்சிடிஸ் பென்ஸும் பயன்படுத்தியது. அங்கே நன்றாகவே உழைத்தது. தலையும் அலுமினியத்தால் ஆகி, குளிர்விப்பும் தாராளமாக இருந்தால் போதும். வேகாவில் புதிய உலோகத்துக்குச் செலவிட்ட அறிவை, அதற்குத் துணையான சில டாலர் பொருள்களில் மிச்சம் பிடித்துக் கெடுத்தார்கள்.

வேகாவின் இரண்டாவது நோய் துரு. அதுவும் இயற்பியல் பாடந்தான். காரின் கூட்டைத் துருப்பிடிக்காமல் காக்க, மின்சாரம் பாய்ச்சிய வண்ணக் குழம்புத் தொட்டிக்குள் முழுவதுமாக முக்கி எடுப்பார்கள். ஒரு டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்துங்கள். உள்ளே காற்று அடைபட்டு நிற்கும், நீர் ஏறாது. வேகாவின் முன் சக்கரங்களுக்கு மேலுள்ள தகட்டின் மடிப்பில் அப்படியே காற்று அடைபட்டது. குழம்பு அங்கே எட்டவில்லை. வெளியே பளபளப்பான வண்ணம். உள்ளே வெறும் எஃகு. வட மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க உப்பைத் தூவுவார்கள். சக்கரம் வாரியடித்த உப்புச் சேறு அந்த வெற்றுத் தகட்டில் ஒட்டியது. சில ஆண்டுகளிலேயே ஓட்டை விழுந்தது. பின்னர்ப் பிளாஸ்டிக் தடுப்பும், துத்தநாகம் பூசிய தகடும் வைத்தார்கள். அதற்குள் பெயர் கெட்டுவிட்டது.

இவ்வளவு குறைகளுக்கும் அவசரம் ஒரு காரணம். ஒஹையோ மாநிலத்தின் லார்ட்ஸ்டவுன் ஆலையில் மணிக்கு 100 வேகா வரை இறக்கும்படி வரிசையை அமைத்திருந்தார்கள். ஒரு தொழிலாளியின் முன்னால் ஒரு கார் நிற்பது 36 விநாடி. மற்ற ஆலைகளில் ஏறத்தாழ ஒரு நிமிடம் கிடைக்கும். பெரும்பாலும் இருபது வயதுகளில் இருந்த அந்தத் தொழிலாளர்கள் 1972 மார்ச்சில் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலியைப் பற்றியதாக மட்டும் இல்லாமல், வேலையின் வேகத்தையும் அதன் சலிப்பையும் பற்றியதாக இருந்ததால் நாடு முழுவதும் அதைக் கவனித்தது.

இதே வேகாவை ஆலையிலிருந்து தொலைதூரத்துக்கு அனுப்பிய முறையை மட்டும் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. சரக்கு ரயில் பெட்டியின் பக்கச் சுவர்களே கீழே சாயும் கதவுகளாக இருக்கும். கார்களை அந்தக் கதவுகளின் மேல் ஏற்றிக் கட்டி, கதவை மேலே தூக்கி மூடுவார்கள். உள்ளே 30 கார்கள், மூக்கு தரையைப் பார்க்க, வௌவால்களைப் போல் தொங்கும். வழக்கமான முறையில் அதே நீளத்தில் 18 கார்களுக்கு மேல் ஏறா. எண்ணெயோ பாட்டரி அமிலமோ சிந்தக்கூடாது. இறக்கியவுடன் ஓட்டிச் செல்ல வேண்டும். ஆகவே எஞ்சின் எண்ணெய் முதல் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுப்பு வைத்தார்கள். பாட்டரி மூடிகளைப் பெட்டியின் பின்விளிம்புக்கு நகர்த்தினார்கள். கண்ணாடி கழுவும் நீர்க் குப்பியைக்கூடச் சாய்வாகப் பொருத்தினார்கள். காரை ரயிலில் ஏற்றுவதற்கு இவ்வளவு யோசித்தவர்கள், ரேடியேட்டரை இன்னும் கொஞ்சம் பெரிதாக்க யோசித்திருக்கலாம்.

வேகாவுக்குப் போட்டி ஃபோர்டு பின்டோ. அதன் வேகன் 1972-இல் வந்தது. பின்டோ என்றாலே பெட்ரோல் தொட்டி விவகாரம் நினைவுக்கு வரும். பின்னாலிருந்து மோதினால் தொட்டி உடைந்து தீப்பிடிக்கும் ஆபத்தால் 1978-இல் சுமார் 15 இலட்சம் கார்களை ஃபோர்டு திரும்ப அழைத்துத் திருத்தியது. பின்பகுதி வேறு விதமாக அமைந்த வேகன்கள் அந்த அழைப்பில் சேரவில்லை. ஆனால் பழி எல்லாவற்றின் மேலும் விழுந்தது. 1977-இல், பக்கக் கண்ணாடியை அடைத்து, கப்பலின் சாளரம் போல ஒரு வட்டக் கண்ணாடி மட்டும் வைத்த 'குரூஸிங் வேகன்' என்ற வகையை இளைஞர்களுக்காக விற்றார்கள். இன்று சேகரிப்பாளர்கள் அதிகம் தேடும் வேகன்களுள் அதுவும் ஒன்று. எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. பெட்ரோல் நிலையங்களின் முன் நீண்ட வரிசைகள் நின்றன. 1974 தொடக்கத்தில் அமெரிக்கா முழுவதும் சாலை வேகம் மணிக்கு 55 மைலாக, அதாவது 88 கிலோமீட்டராக, கட்டுப்படுத்தப்பட்டது. அதுவரை ஏழைகளின் வண்டியாகக் கருதப்பட்ட சிறிய வேகன் திடீரென்று அறிவாளிகளின் வண்டியாயிற்று.

அந்தச் சூழ்நிலையில் 1975-இல் வந்தது பேஸர். இதுவும் டீக்கின் படைப்பே. நீளம் குறைவு, அகலமோ ஏறத்தாழ இரண்டு மீட்டர். உடற்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கண்ணாடி. பின் இருக்கைக்குப் போகிறவர்கள் நடைபாதைப் பக்கமாக எளிதில் ஏற வேண்டும் என்று வலக் கதவை இடக் கதவைவிடப் பத்து சென்டிமீட்டர் நீளமாக வைத்தார்கள். இடப்புறமாகச் செல்லும் பிரிட்டனில் விற்றபோது அந்த நீளக் கதவு ஓட்டுநர் பக்கம் போய்ச் சேர்ந்தது! இதற்காக எண்ணியிருந்த சுழல் எஞ்சினைத் தயாரிக்கும் திட்டத்தை ஜெனரல் மோட்டார்ஸ் 1974-இல் கைவிட்டதால், பழைய கனமான ஆறு சிலிண்டர் எஞ்சினையே உள்ளே திணிக்க வேண்டியதாயிற்று. கோடையில் பேஸருக்குள் உட்கார்ந்தால் வேகும் என்பார்கள். கண்ணாடி வெயிலை உள்ளே விட்டு, சூடான காற்றை வெளியே விடாமல் அடைக்கிறது. 1977-இல் இதிலும் ஒரு வேகன் வந்தது. பின்பகுதி நீண்டதால் அந்த விசித்திர உருவம் சற்றே அமைதி பெற்றது. வேகனே அதிகம் விற்றது. 1979 இறுதியில் பேஸர் நின்றது. வேகா அதற்கு முன்பே, 1977-இல், நின்றிருந்தது. அதன் வேகன் கூடு மட்டும் இரும்பு எஞ்சினோடு மோன்ஸா என்ற பெயரில் மேலும் இரண்டு ஆண்டுகள் விற்றது.

ஸ்போர்ட்அபௌட் மட்டும் சாகவில்லை. 1978-இல் அதே கூட்டுக்குச் சில மாற்றங்கள் செய்து கான்கார்டு என்று பெயர் சூட்டினார்கள். அடுத்து நடந்ததுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம்.

அமெரிக்கன் மோட்டார்ஸ் 1970-இல் ஜீப் நிறுவனத்தை விலைக்கு வாங்கியிருந்தது. அங்கே தலைமைப் பொறியாளராக இருந்த ராய் லன் இங்கிலாந்தில் பிறந்தவர். முன்பு ஃபோர்டு நிறுவனத்தின் புகழ்பெற்ற ஜி.டி.40 பந்தயக் காரை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவர். புதிய கார் செய்யப் பணமில்லாத நிறுவனத்தில் அவர் என்ன செய்தார்? கான்கார்டு வேகனை ஏழெட்டு சென்டிமீட்டர் உயர்த்தி, நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் கொடுத்தார். 1979 இலையுதிர் காலத்தில், 1980-ஆம் ஆண்டு மாதிரியாக, ஈகிள் என்ற பெயரில் அது வெளிவந்தது.

ஜீப்பில் நான்கு சக்கர இயக்கத்துக்கு ஓட்டுநர் நெம்புகோலை இழுக்க வேண்டும் என்பதை அறிவோம். ஈகிளில் எதையும் இழுக்க வேண்டாம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் ஓர் உருளைப் பெட்டி. அதனுள் மெல்லிய தகடுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டு, இடையில் சிலிகோன் எண்ணெய் நிரம்பியிருக்கும். ஒரு பாதித் தகடுகள் முன் அச்சைச் சேர்ந்தவை. மறுபாதி பின் அச்சைச் சேர்ந்தவை. இரண்டு அச்சுகளும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுழலும் வரை தகடுகளுக்கிடையே சார்பு இயக்கம் இல்லை. எண்ணெய் சும்மா இருக்கும். பனியில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுழன்றால் வேக வேறுபாடு உண்டாகும். பாகுநிலை விசை அந்த வேறுபாட்டுக்கு நேர் விகிதத்திலும், தகடுகளின் இடைவெளிக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும். இடைவெளி மிகச் சிறியது, தகடுகள் பல. ஆகவே விசை பெரிதாகி, வழுக்கும் அச்சிலிருந்து பிடிப்புள்ள அச்சுக்குத் திருப்பு விசை மாறும். பாகுநிலை பற்றி நியூட்டன் சொன்ன விதி, பனிச் சாலையில் ஒரு குடும்பத்தை வீடு சேர்க்கிறது. சிலிகோன் எண்ணெயைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. வெப்பம் ஏறினாலும் மற்ற எண்ணெய்களைப் போல அது அவ்வளவாக நீர்த்துப்போவதில்லை.

ஜப்பானின் சுபாரு நிறுவனம் நான்கு சக்கர இயக்க வேகனை 1972-லேயே செய்திருந்தது. ஆனால் தேவைப்படும்போது ஓட்டுநர்தான் அதை இணைக்க வேண்டும். கார் போல ஓடி, ஜீப் போல ஏறி, அதற்காக ஓட்டுநரிடம் எதையும் கேட்காத வண்டி என்ற எண்ணத்தை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது ஈகிளே. இன்று உலகெங்கும் விற்கும் உயரமான குடும்பக் கார்களைப் பார்க்கும்போது, பணமில்லாத ஒரு கம்பெனி பழைய வேகனை உயர்த்தியது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இதற்கிடையே சட்டமும் மாறியிருந்தது. 1975 டிசம்பரில் இயற்றிய சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி, 1985-க்குள் காலனுக்கு 27.5 மைலாக, அதாவது லிட்டருக்கு 11.7 கிலோமீட்டராக உயர வேண்டும். சிறு லாரி வகை வண்டிகளுக்கு வேறு, தளர்ந்த அளவு. வேகன் கார்க் கணக்கில் வந்தது. 1983 இறுதியில் கிரைஸ்லர் வெளியிட்ட மினிவேனும், அமெரிக்கன் மோட்டார்ஸே வெளியிட்ட ஜீப் செரோக்கியும் லாரிக் கணக்கில் வந்தன. குடும்பங்கள் அவற்றுக்கு மாறின. வேகனைக் காப்பாற்றிய நிறுவனமே அதன் போட்டியாளையும் பெற்றெடுத்தது. 1987 ஆகஸ்டில் கிரைஸ்லர் அந்த நிறுவனத்தை வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், கனடாவின் பிராம்ப்டன் ஆலையில், கடைசி ஈகிள் வேகன் வெளிவந்தது. 1971-இல் டீக் சாய்த்த பின்கதவு அதிலும் இருந்தது.

இத்தனை வண்டிகள் எங்கே போயின? வேகா குடும்பம் மட்டும் சுமார் 20 இலட்சம் செய்யப்பட்டது. அரிதாகச் செய்ததால் அரிதாகிவிட்டவை அல்ல இவை. கதிரியக்கச் சிதைவுக் கணக்கைச் சற்று இரவல் வாங்குவோம். ஒரு வகைக் காரில் ஆண்டுக்கு நூற்றுக்கு 5 அழிகிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 40 ஆண்டுகளுக்குப் பின் ஆயிரத்தில் 128 மிஞ்சும். நூற்றுக்கு 15 அழிந்தால், ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். பந்தயக் காரைக் கொட்டகையில் போர்த்தி வைப்பார்கள். வேகனில் சிமெண்டு மூட்டையும் நாயும் ஏறும். முதல் உரிமையாளர் விற்று, இரண்டாமவர் தேய்த்து, மூன்றாமவர் சாகடிப்பார். நல்ல கூடாக இருந்தால் அதில் பெரிய எஞ்சினைத் திணித்துப் பந்தயத்தில் ஓட்டி உடைப்பவர்கள் வேறு; வேகா பல இப்படிப் போயின.

ஆனால் இந்த உவமை ஓரிடத்தில் பொருந்தாது. அணுவுக்கு வயது ஏறுவதில்லை. நேற்றுப் பிறந்த ரேடியம் அணுவும் ஆயிரம் ஆண்டு இருந்த ரேடியம் அணுவும் நாளை சிதைவதற்கான வாய்ப்பு ஒன்றே. காருக்கு அப்படியில்லை. பத்தாவது ஆண்டில் அது வெறும் பழைய கார். பழுது பார்க்கும் கூலி அதன் விலையை மிஞ்சும். உடைப்புக் கடைக்குப் போகும். முப்பதாவது ஆண்டைத் தாண்டிவிட்டால் அதைப் பார்த்து, 'எங்கள் வீட்டில் இது இருந்தது' என்று நின்றுவிடுகிறவர்கள் வருவார்கள். அதன்பின் அதை அழியவிட மாட்டார்கள். நடுவிலுள்ள அந்த இருபது ஆண்டுகளில்தான் பெரும்பாலானவை மடிந்தன.

மிஞ்சியதை வைத்திருப்பவர்களின் பாடு எளிதன்று. ஸ்போர்ட்அபௌட், ஈகிள் ஆகியவற்றின் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஜீப்பிலும் இருந்தது. அந்த வம்சத்து எஞ்சின்கள் 2006 வரை உற்பத்தியாயின. ஆகவே எஞ்சினுக்கு உதிரிப் பாகம் கிடைத்துவிடும். வேகனுக்கு மட்டும் உரிய பொருள்கள்தாம் கிடைக்கா: பின்கதவைச் சுற்றியுள்ள ரப்பர், பின்பக்கச் சாளரக் கண்ணாடி, விளக்கு மூடி. அதற்காகச் செத்துப்போன இன்னொரு வேகனைத் தேடி மாநிலம் விட்டு மாநிலம் போவார்கள். வேகா காம்பேக் ஒன்று எங்கேனும் விலைக்கு வந்தால், விவரம் தெரிந்தவர் எஞ்சினை முடுக்கிப் பார்ப்பதற்கு முன், முன்சக்கரத்துக்கு மேலே தகட்டின் அடிப்புறம் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். குழம்புத் தொட்டியில் காற்று அடைபட்ட இடம் அது.